எட்டு கிலோ ஸ்பிரிங்

மூச்சு விட்டுக்கொள்ளலாம், தோளை மட்டும் அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஷெட் கூட்டாளி ஜாபர் போய் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், இல்லை பத்து நிமிஷம். பந்தய வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறவருக்கு நிமிஷக் கணக்கு எதற்கு. சென்னியப்பன் இப்போது மூட்டைதான். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் நான்கு எடைப் பலகை இருக்கிறது, எந்தச் சக்கரம் எத்தனை கிலோ தாங்குகிறது என்று பார்க்க. வண்டியை ஓட்டப்போகிற சம்யுக்தா உட்கார்ந்தால்தான் அந்தக் கணக்கு நியாயமாகச் சரி. ஆனால் பந்தயத்தன்று காலையில் அந்தப் பெண்ணைச் சும்மா உட்காரவைத்து ஏன் வேகவைக்க வேண்டும், ஹெல்மெட்டும் உடுப்பும் சேர்த்து அவள் எழுபத்தொன்று, நீயும் எழுபத்தொன்று, நீயே ஏறிக்கோ என்று ஜாபர் ஒருநாள் சொல்லி, இரண்டு வருஷமாக அதுவே வழக்கமாகிவிட்டது. இன்று அவர் ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால் எடைப் பெட்டியில் பேட்டரி தீர்ந்து எண்ணே வரவில்லை. இறங்கிவிடலாம்தான், ஆனால் இந்த இரும்புக் கூண்டுக்குள் மறுபடி கால்மாற்றி நுழைவதற்குள் ஐம்பத்திரண்டு வயது இடுப்பு என்ன கதியாவது. இரு, வாங்கியாந்தர்றேன் என்று ஜாபர் கிளம்பிவிட்டார். போனவர் சும்மா போயிருக்கலாம். வாசலில் திரும்பி நின்று, முன்னாடி எட்டே இருக்கட்டுமா, ஆறுக்கு மாத்தறதா, நான் வந்ததும் சொல்லிப்போடு, அப்பறம் மாத்த நேரமிருக்காது என்று ஒரு கேள்வியையும் போட்டுவிட்டுப் போனார்.

ஆறு கிலோ ஸ்பிரிங் என்றால் அது ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஆறு கிலோ பாரம் வேண்டும். எட்டு கிலோ என்றால் எட்டு. விஷயம் அவ்வளவுதான், இதற்காகத்தான் படித்தவர்களும் படிக்காதவர்களும் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆறு போட்டால் வண்டி வளைவில் கொஞ்சம் சாயும், ஆனால் சக்கரம் தரையோடு ஒட்டிக்கொண்டு மேடுபள்ளத்தை எல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். எட்டு போட்டால் வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும், திருப்பினால் சட்டென்று திரும்பும், ஆனால் தரை சொரசொரப்பாக இருந்தால் சக்கரம் தாவும். தாவுகிற சக்கரம் எதையும் பிடிக்காது. வண்டியில் இப்போது இருப்பது எட்டு. ஆறு கிலோ ஜோடி மேஜைக்கு அடியில் கோணிச்சாக்கின் மேல் கிடக்கிறது, பச்சைப் பெயின்ட் அடித்து, நான்கு மாதமாகச் சீண்டுவாரில்லாமல். சென்னியப்பன் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோயமுத்தூர் வெயிலை வெயிலே இல்லை என்பவர்கள் சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே, கூண்டுக்குள், தோளில் பட்டை மாட்டி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வெளியே மற்ற வண்டிகள் பயிற்சிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தன. தூரத்தில் இருந்தவரைக்கும் அது வண்டிச் சத்தமாக இருந்தது. கிட்டே வந்து கூரைக்குள் புகுந்ததும் ஒரே ரீங்காரமாகி, கண்ணிமையை அழுத்த ஆரம்பித்தது. இந்த ரீங்காரம் அவருக்குப் பழையது. பஞ்சாலைக்குப் பின்சுவரை ஒட்டிய லைன்வீட்டில் பிறந்தவர் அவர். மூன்று ஷிப்டும் நூல் நூற்கிற கதிர்கள் சுற்றுகிற அதிர்வு சுவர் வழியாக, தரை வழியாக, பாய் வழியாக ஏறிவரும். சத்தம் என்று அதை யாரும் சொன்னதில்லை, சத்தம் காதுக்கு, இது உள்ளங்காலுக்கு. வேலைநிறுத்தம் வந்து மில் நின்றபோது லைனில் பாதிப் பிள்ளைகள் தூக்கம் வராமல் அழுதன, சென்னியப்பனும் அழுதார். எந்த வரிசையில் கதிர் ஓடுகிறது, எந்த வரிசை நின்றுபோயிருக்கிறது என்று ஏழு வயதில் தரையில் நின்றபடியே சொல்வார், அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, ஆமாண்டா என்பார். இப்போதும் தரை இருக்கிறது. வண்டியின் அடித்தகட்டில் கால் வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். வெளியே அத்தனை வண்டிகள் ஓடுகின்றன, தகட்டில் அதிர்வு இருக்கத்தான் வேண்டும். காலைக் கொஞ்சம் அழுத்தினார். அசையக் கூடாது என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். அசையக் கூடாது என்பதற்காகத்தான் நிறுத்தினோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அந்தக் காலை வைத்துத்தான் இத்தனை பிழைப்பும். பயிற்சி நாளில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு வெறும் இருக்கையை முடுக்கச் சொல்லி, கோயிலுக்குள் போகிறவர் மாதிரி செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறி உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். மூன்று சுற்று. இறங்கி, முன்னாடி அரை கிலோ குறை, பின்னாடி தொடாதே என்பார், தீர்ந்தது. மற்ற ஷெட்டுக்காரர்கள் ஒயர் ஒயராக மாட்டி, கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் அதே அரை கிலோவுக்கு வந்து சேருவார்கள். சென்னியப்பனுக்குப் பாதத்தில் கண்ணிருக்கிறது என்று இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு இருந்தால் அதைக் கட்டிக்காக்க வேண்டும், அதுதான் பேச்சில் உள்ள தொல்லை. ஓட்டுகிறவர்களிடம் அவர் எதுவும் கேட்டதில்லை. வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்பது தன் வேலையைத் தானே சந்தேகப்படுவது என்று நினைப்பார். அவர் சொல்வார், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். நீதான் காலை எடுக்கறே அம்மிணி. அப்படித்தான் சம்யுக்தாவிடமும் சொன்னார். எப்போது சொன்னார்? தை மாதம். அப்புறம் மாசியில். பங்குனியிலும் சொன்னாரா? சொன்னார். வண்டி சரியாத்தான் இருக்குது, மூணாவது வளைவுல நீதான் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கறே.

மூன்றாவது வளைவு என்பது இந்த ஓடுதளத்தில் நேர்பாட்டை முடிந்து வண்டி நூற்று அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிற இடது வளைவு. நடுவில் பழைய ஒட்டுப்போட்ட தார் வரிவரியாக எழும்பி நிற்கும், அதற்கப்பால் சுவர். நன்றாக ஓட்டுகிறவர்கள் அங்கே காலை எடுக்க மாட்டார்கள். போன வருஷம் சம்யுக்தா எடுக்கவில்லை. இந்த வருஷம் எடுக்கிறாள். ஒருதடவை வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, முன்சக்கரம் தரையில் இல்லாத மாதிரி இருக்குதுங்ண்ணா என்று கூடச் சொன்னாள். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்றார் சென்னியப்பன், ஒரு கேலிக்காகத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இருபத்துநான்கு வயதுப் பெண் அத்தனை பேர் நடுவில் வேறு என்ன செய்வாள். அதற்குப் பிறகு அவள் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நேற்றுச் சாயங்காலம் பேக்கரியில் டீயை ஆற்றிக்கொண்டே, நாளையோட நிறுத்திக்கறேங்ண்ணா, பயம் வந்துருச்சு, பயந்தவ ஓட்டப்படாது என்று சொன்னாள். ஏதோ ஊர் மாற்றிப் போகிறவள் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். ஜாபர் அதெல்லாம் சரியாப்போகும் என்றார். சென்னியப்பன் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். தின்னக் கூடாத பன், தேங்காயும் சர்க்கரையும் வைத்தது.

சர்க்கரை. அங்கே போகக் கூடாது என்று எவ்வளவு தள்ளி ஓட்டினாலும் நினைப்பு அங்கேயே வந்து முட்டுகிறது. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் ஷெட்டுக்குள் நடந்து வந்தபோது ஜாபர், என்ன சென்னி ஒத்தைச் செருப்போட வர்றே என்று சிரித்தார். பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. வாசலிலிருந்து முப்பதடி தள்ளி அது தனியாகக் கிடந்தது. கழன்றது தெரியவில்லை, கழன்ற பிறகு ஜல்லியில் நடந்ததும் தெரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். மனைவி ருக்குமணி பிடித்து இழுத்துக்கொண்டு போன கிளினிக்கில் சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தர் அவரைப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கச் சொல்லி, ஒரு நைலான் நரம்பை எடுத்தார். பாதத்துல தொடுவேன், தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க. சென்னியப்பன் கண்ணை மூடினார். மூன்று சுற்றுக்குக் கண்ணை மூடுவதுபோல. ஒரு இடைவெளி விட்டு ஆமாம் என்றார். இன்னொரு இடைவெளி, ஆமாம். டாக்டரம்மாவின் மூச்சை வைத்து, வளையல் சத்தத்தை வைத்து, தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பெண் நரம்பைக் கீழே வைத்துவிட்டு, நான் இன்னும் தொடவே இல்லீங்க என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்று எழுதிய தாளை ஷெட்டில் டூல்ஸ் டிராயரின் அடியில் மடித்து வைத்தார். ருக்குமணியிடமும் ஜாபரிடமும் கொஞ்சம்போல இருக்குது, நடந்தாச் சரியாயிரும் என்று சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த ஆள்.

கண் சொருகியது. கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை, அது வழியாக வெயில் ஒரு காசு அளவுக்கு முட்டியின் மேல் விழுந்திருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே மெல்ல நகர்வதுபோல இருந்தது. பக்கத்து இருக்கையில் தானே வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். தை மாதம் அது, பயிற்சி நாள், ஓட்டுவது சம்யுக்தா. முன்னால் ஆறு கிலோ. முதல் சுற்று. பாதத்துக்கு அடியில் பஞ்சு. இரண்டாவது சுற்று, பஞ்சு. பஞ்சாலையின் பஞ்சு அத்தனையையும் கொண்டுவந்து தகட்டின் மேல் பரப்பிவிட்டார்களோ என்னவோ, ரோடு எங்கோ அடியில், சொல்லாமல் கொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது சுற்றும் முடிந்து இறங்குகிறார். சம்யுக்தா சந்தோஷமாக இருக்கிறாள், வண்டி நல்லா இருக்குதுங்ண்ணா என்கிறாள். அவர் ஜாபர் பக்கம் திரும்புகிறார். மொதுமொதுன்னு இருக்குது, ஏழு மாட்டு என்கிறார். ஏழிலும் பஞ்சு. எட்டு மாட்டு. எட்டு மாட்டி ஓடும்போது, மூன்றாவது வளைவில், அந்த ஒட்டுப்போட்ட தாரில், குதிகாலில் ஏதோ ஒன்று தடதடவென்று லேசாகத் தட்டியது. வந்துவிட்டது. தொலைந்துபோன ஆள் வாசலில் வந்து நின்ற மாதிரி, அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. இதுதான், இதை மாத்தாதே என்றார். ஜாபர் கூட, ஒட்டுப்போட்ட ரோட்டுக்கு எட்டு ஜாஸ்தியில்லையா என்று கேட்டார். நான் சொல்றேன்ல என்றார் சென்னியப்பன்.

தடதடவென்று தட்டியது என்ன? கண்ணைத் திறந்தார். வெயில்காசு முட்டியிலிருந்து தொடைக்கு நகர்ந்திருந்தது. தட்டியது சக்கரம். தரையை விட்டுத் தாவி, திரும்ப விழுந்து, மறுபடி தாவி. நல்ல பாதம் இருந்திருந்தால் அந்த இடத்தில் ஐயோ என்றிருக்கும். செத்த பாதத்துக்கு அதுதான் முதல்முதலாகக் கேட்ட குரல். ஒரு பெண் நூற்று அறுபதில் ஓட்டுகிற வண்டிக்கு, மரத்துப்போன தன் காலுக்குத் தெரிகிற மாதிரி ஸ்பிரிங் போட்டிருக்கிறார். நான்கு மாதம். இதை அவர் இப்போதுதான் கண்டுபிடித்தாரா, இல்லை, கண்டுபிடித்ததை இத்தனை நாள் பார்க்காமல் இருந்தாரா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. பிடரியில் வியர்வை இறங்கியது. அசையக் கூடாது.

சரி, ஆறுக்கு மாற்று என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வெயில் ஜாஸ்தி, ரோடு சூடு, இன்னிக்கு ஆறு போதும் என்று ஒரு காரணம். காரணத்துக்கா பஞ்சம். வண்டி சரியாகிவிடும், அவளும் பிழைப்பாள், பேச்சும் பிழைக்கும், டிராயரில் தாள் பாட்டுக்கு மடிந்து கிடக்கும். இந்த எண்ணம் வந்ததும் அவருக்கு உடம்பே லேசாகி, இருக்கையிலிருந்து ஒரு விரற்கடை மேலே மிதப்பதுபோல இருந்தது. மிதந்துகொண்டே மூன்றாவது வளைவுக்கு வந்தார். ஆறு கிலோ, சக்கரம் தரையோடு ஒட்டிப் போகிறது, வண்டியில் ஒரு குறையும் இல்லை. அப்போதும் அவள் காலை எடுத்தாள். ஏன் எடுக்க மாட்டாள்? ஸ்பிரிங்கை மாற்றலாம், நீதான் காலை எடுக்கறே என்று நான்கு மாதமாக உள்ளே இறக்கிய வார்த்தையை எந்த ஸ்பேனர் போட்டுக் கழற்றுவது. தான் பயந்தாங்கொள்ளி என்று அவள் நம்புகிறாள். நம்பிக்கொண்டே போய்விடுவாள், நாளைக்கு ஏதாவது ஒரு ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, நாற்பது வயதிலும் நம்புவாள். கூடம்தான் கோணல் என்று தெரிந்த ஒரே ஆள் இங்கே மூட்டையாக உட்கார்ந்திருக்கிறார். சொன்னால் என்ன ஆகும்? நாலு ஷெட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இல்லை, சிரித்தால் தாங்க மாட்டார், அது அவருக்கே தெரியும். ஆறு, எட்டு, ஆறு, எட்டு என்று வெளியே வண்டிகள் சுற்றின.

ஜாபர் வந்து பேட்டரியைப் போட்டார். பெட்டியில் எண் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு சீசன் தொடக்கத்தில் எழுதிவைத்த பழைய தாளைப் பார்த்தார், எட்டு மாட்டியதற்குப் பிறகு எடை போட அவசியம் வந்திருக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து பலகைகளைத் தொட்டுப் பார்த்தார். டேங்கைத் திறந்து குச்சி விட்டுப் பெட்ரோல் அளவும் பார்த்தார், அது அன்றைக்கு இருந்த அளவேதான். பிறகு ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"சென்னி, பதினோரு கிலோ கொறையுது. வண்டியில ஒண்ணையும் நாம கழட்டல."

தினம் பார்க்கிற முகம் இளைப்பது யாருக்கும் தெரிவதில்லை. ஜாபர் இப்போதுதான் சென்னியப்பனுடைய கழுத்தை, தோள்பட்டைக்குக் கீழே சட்டை தொங்குகிற இடத்தை, புதுசாக ஓட்டை போட்ட பெல்ட்டைப் பார்த்தார். நடக்கறேன்னு சொன்னியே என்று மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கப் பயந்தவர்போல நிமிர்ந்து நின்றார். அந்த நேரத்துக்குத்தான் சம்யுக்தா உள்ளே வந்தாள், உடுப்பை இடுப்புவரை மாட்டி, அதன் கைகளை முன்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு. பன்னிரண்டு மணிக்கு அவள் ஓட வேண்டும், இப்போது பத்தே முக்கால். எடை முடிஞ்சுதுங்களா என்று ஜாபரிடம் கேட்டாள்.

"அம்மிணி, இங்க வா" என்றார் சென்னியப்பன். வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான், போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அவள் ஜன்னல் வலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்குப் பாதம் மரத்துப்போச்சு. சர்க்கரை. தையில ஆறு மாட்டி ஓட்டுனப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. எட்டு போட்டாத்தான் கீழ ரோடுன்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது. அதுக்காவ போட்டேன், என் காலுக்காவ. மூணாவது வளைவுல வண்டி தாவுது. நீ காலை எடுத்தது சரி. எடுக்கலீன்னா சுவத்துல போயிருப்பே."

ஜாபர் அல்லா என்று வாய்க்குள் சொன்னார். சம்யுக்தா வலையைப் பிடித்தபடியே நின்றாள். பயிற்சிச் சுற்று முடிந்துவிட்டதுபோல, வெளியே வண்டிகள் ஒவ்வொன்றாக அடங்கின. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவளோ எதையோ பின்னாலிருந்து முன்னாலாக எண்ணிப் பார்க்கிறவள் மாதிரி, பங்குனி, மாசி, தை என்று ஒவ்வொரு பந்தயமாகத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"அப்ப நான் பயப்படலீங்களா?"

"இல்ல அம்மிணி. பயந்தது நானு."

அவள் வலையிலிருந்து கையை எடுத்தாள். நான்கு மாதமாக அவள் தூங்கிய தூக்கம் எப்படிப்பட்டதென்று அந்த முகத்தில் எழுதியிருந்தது, அதை அவர் பார்த்தே தீர வேண்டியிருந்தது, பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் அதற்கு நிற்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஆறு கிலோ ஜோடியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து ஜாபரின் காலடியில் வைத்தாள்.

"இதை மாட்டுங்க பாய். மாட்டுனதும் எடைக்கு நானே உக்காந்துக்கறேன்" என்றாள். பிறகு வண்டியின் பக்கம் திரும்பாமலே, "எறங்குங்ண்ணா" என்றாள்.

சென்னியப்பன் பட்டையைக் கழற்றி, கம்பிகளுக்கு நடுவில் முதுகை வளைத்து, ஒரு காலை வெளியே விட்டார். கால் தரையைத் தொட்டதா, இன்னும் இல்லையா என்று தெரியவில்லை. அப்படியே பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாகக் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்யுக்தா வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், தோளைக் கொடுத்தாள்.